மோட்டார்ப் பந்தய வீரர் கரிவரதன்

புலவர், வள்ளல், தேசபக்தர், தொழிலதிபர் முதலியோரின் சரித்திரங்களை வாசித்துப் பழகிய நம் அன்பர்கள், இம்மாதம் ஒரு மோட்டார்ப் பந்தயக்காரரின் சரித்திரத்தைக் கண்டு சற்றே வியப்புறக் கூடும். பந்தயம் என்றவுடன் பொருளழிவும் உயிர்ச்சேதமும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் நாம் இதனை எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலே நடந்த நம்மவர் கூட்டமொன்றின் முடிவில், இராஜபாளையத்தைச் சேர்ந்த தந்தையார் ஒருவர் நம்மை அணுகித் தம் மனக்கவலையை வெளியிட்டார். அவருடைய மைந்தன், கையால் கியர் மாற்றி ஓட்டும் வேகக் கார் ஒன்றை வாங்கி, நள்ளிரவிலே தோழர்களுடன் நெடுஞ்சாலைக்குச் சென்று, நின்ற இடத்திலிருந்து எவன் முந்திப் பாய்வது என்று பந்தயம் ஓடி வருகின்றானாம். வண்டியை விற்றுவிடுவதா, மகனைக் கடிந்து அடக்குவதா என்பது அவர் வினா. அப்பொழுது நாம் தக்க விடை கூற இயலாமல் வீடு திரும்பினோம். பின்னர்ச் சிந்தித்தபோது கோயம்புத்தூர்க் கரிவரதன் அவர்களின் வாழ்க்கையே இவ்வினாவுக்கு விடையாகும் என்று நமக்குத் தோன்றிற்று.

கரிவரதன் 1954-ஆம் ஆண்டிலே பிறந்தவர். கோயம்புத்தூரில் லட்சுமி மில்ஸ் என்னும் பஞ்சாலையை நடத்திய செல்வக் குடும்பம் அவருடையது. அவ்வாலை 1910-இல் நிறுவப்பெற்றது. நம் இராஜபாளையத்தில் 1936-இல் இராஜபாளையம் மில்ஸ் தோன்றிய பின்னர் இவ்வூர் அடைந்த மாறுதல்களை அறிந்த நம்மவர்க்கு, பஞ்சாலைக் குடும்பமொன்றின் செல்வமும் செல்வாக்கும் எத்தகையன என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய இல்லத்திலே பிறந்த வாலிபர் ஒருவர், முன்னோர் தேடிய பொருளைக் கொண்டு சுகமாகக் காலங் கழித்திருக்கலாம். அல்லது வெளிநாட்டு வண்டிகளை வாங்கி வீட்டு வாயிலில் நிறுத்தி அழகு பார்த்திருக்கலாம். கரிவரதனுடைய மனமோ இயந்திரத்தின் உட்பொருளை நாடிற்று. வண்டியை ஓட்டுவதில் அவருக்கு எவ்வளவு ஆசையோ, அதனைத் திட்டமிட்டு அமைப்பதிலும் அவ்வளவு ஆசை இருந்தது.

அக்காலத்தில் தென்னாட்டு மோட்டார்ப் பந்தயங்களுக்குத் தாயகமாக விளங்கியது சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளம் அது. போர் முடிந்தபின் வெறிதே கிடந்த அதன் ஓடுபாதைகளிலே, 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பினர் பந்தயங்கள் நடத்தலாயினர். பெருந்திரளான ஜனங்கள் அவற்றைக் காணக் கூடுவர். கரிவரதன் பெயர் பெற்றது இப்பந்தயங்களிலேதான். நேராக நீண்டு கிடக்கும் ஓடுபாதையாதலால், வண்டிகள் நின்ற நிலையினின்று புறப்படும் அந்தச் சில விநாடிகள் அங்கே மிக்க முக்கியம் வாய்ந்தவை. புறப்பாட்டிலே பின்தங்கினவன் அந்நஷ்டத்தை ஈடுசெய்யப் பல சுற்றுக்கள் பாடுபட வேண்டும்.

டிராக் ரேஸ் என்று வழங்கப்பெறும் நேரோட்டத்திலோ புறப்பாடே பெரும்பகுதி எனலாம். கால் மைல், அதாவது ஏறக்குறைய 402 மீட்டர் தூரத்தை, நின்ற நிலையினின்று எவன் முதலில் கடக்கின்றான் என்பதே அதன் போட்டி. வளைவு இல்லை; திருப்பம் இல்லை. விளக்கு மாறியவுடன் வண்டியை எழுப்பும் திறமே வெற்றியையும் தோல்வியையும் பெரிதும் நிர்ணயிக்கும்.

இப்புறப்பாட்டின் நுட்பத்தைச் சிறிது விளக்குவோம். அறியாத வாலிபர், ஆக்ஸிலேட்டரை முற்றும் மிதித்துக் கிளச்சைத் திடீரென்று விட்டுவிட்டால் வண்டி அம்பெனப் பாயும் என்று எண்ணுகின்றனர். நடப்பது வேறு. எஞ்சினின் முழு விசையும் ஒரே கணத்தில் சக்கரத்தை அடைய, ரப்பர் தரையைப் பற்ற மாட்டாமல் வழுக்கிச் சுழலுகின்றது. தரையைப் பற்றி உருளும் சக்கரத்துக்கு உள்ள பிடிப்பு, வீணே சுழன்று தேயும் சக்கரத்துக்கு இல்லை என்பது பௌதிக நூலார் கண்ட உண்மை. புகை எழும், ஓசை எழும், வண்டி மட்டும் அவ்வளவு விரைவாக முன்னே செல்லாது. இதற்கு அஞ்சி எஞ்சினை மிகத் தணித்து வைத்தால் வண்டி தயங்கித் திணறும். சிலபோது நின்றே போகும். கிளச்சைப் பாதியிலேயே நெடுநேரம் பிடித்தாலோ அதன் தகடு சூடேறிக் கருகும்.

தேர்ந்தவன் செய்வது இது. முதற் கியரைப் போட்டுக் கிளச்சை மிதித்து, எஞ்சினை ஓர் அளவான சுழற்சியிலே நிலைநிறுத்துவான். குறிப்புக் கிடைத்தவுடன் கிளச்சு பற்றத் தொடங்கும் நிலை வரையில் காலை விரைந்து உயர்த்தி, அவ்விடத்தில் ஒரு கணம் தாமதித்து, வண்டி நகர்ந்ததும் மிச்சத்தையும் விடுவான். வலக்காலோ சக்கரத்தின் வழுக்கலை உணர்ந்து, தரை தாங்குமளவுக்கே விசையைக் கொடுத்துவரும். வேகம் ஏற ஏற விசையை மிகுத்து, எஞ்சின் தன் எல்லையை நெருங்குகையில் இமைப்பொழுதில் அடுத்த கியருக்கு மாறுவான். இவ்வளவும் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆனால் அச்சில விநாடிகளின் பின்னே பல நூறு முறை செய்த அப்பியாசம் நிற்கின்றது.

நம் ஊரார்க்கு இது புதிய செய்தியன்று. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேர் புறப்படுவதைக் கண்டிராதவர் நம்முள் யார்? நின்ற தேரை அசைப்பதே கடினம். அசைந்த தேர் ஓடுவது எளிது. ஆயிரம் கைகள் வடம் பிடித்தாலும், ஆளுக்கொரு கணத்தில் இழுத்தால் தேர் நகராது. பின்னே தடி போடுவோரும் முன்னே வடம் பிடிப்போரும் ஒரே கணத்தில் ஒத்துழைத்தால்தான் முதல் உருளல் உண்டாகும். பஞ்சாலையில் வேலை செய்வோரும் இதனை அறிவர். நூற்கும் இயந்திரத்தை முரட்டுத்தனமாகத் தொடங்கினால் இழைகள் அறுந்து போகும். தொடக்கத்திலே அடக்கம் வேண்டும் என்பது தேருக்கும் நூலுக்கும் காருக்கும் பொதுவான விதி.

இனிக் கரிவரதனுடைய பெருஞ் செயலுக்கு வருவோம். மோட்டார்ப் பந்தயம் செல்வர்க்கே உரிய விளையாட்டு என்னும் நிலை அக்காலத்தில் இருந்தது. அந்நிய நாட்டுப் பந்தய வண்டியை வாங்கவும், பழுது பார்க்கவும், அதன் உறுப்புக்களைத் தருவிக்கவும் பெரும் பொருள் தேவை. திறமை மட்டும் உடைய ஏழை வாலிபன் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதன்றி வேறு செய்வதற்கில்லை. கரிவரதன் இக்குறையை நன்கு உணர்ந்தார். 1983-இன் இறுதியில் வெளிவந்த மாருதி 800 அதற்குள் தேசமெங்கும் பரவத் தொடங்கியிருந்தது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் உடைய அதன் எஞ்சின் சிறியது, விலை குறைந்தது, எவ்வூர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கத் தக்கது. அவ்வெஞ்சினைக் கொண்டு, ஒருவர் மாத்திரம் அமரத்தக்க பந்தய வண்டியை அவர் 1980-களின் பிற்பகுதியில் அமைத்தார். அதுவே பார்முலா மாருதி எனப் பெயர் பெற்றது.

அதன் அமைப்பிலே நாம் முன்னர்க் கூறிய புறப்பாட்டு நுட்பம் புலனாகின்றது. மாருதி 800 காரில் எஞ்சின் முன்னே இருக்கும். முன் சக்கரங்களே வண்டியை இழுக்கும். வண்டி வேகமாகப் புறப்படுகையில் அதன் பாரம் பின்னோக்கிச் சாய்வதால், இழுக்கும் முன் சக்கரங்களின்மேல் உள்ள சுமை குறைந்து பிடிப்புத் தளரும். கரிவரதனுடைய வண்டியிலோ எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே வைக்கப்பெற்றது. பின் சக்கரங்கள் வண்டியை உந்தின. புறப்படுகையில் பின்னே சாயும் பாரம், உந்தும் சக்கரங்களையே அழுத்தித் தரையைப் பற்றச் செய்யும். வீட்டுக் காருக்கென்று செய்த எளிய எஞ்சின், தக்க இடத்தில் வைக்கப்பெற்றமையால், பந்தயத்துக்கு ஏற்ற துணையாயிற்று. மேலும், அனைவரும் ஒரே வகை வண்டியை ஓட்டுவதால், பணப்பையின் கனம் பெரிதும் விலகி ஓட்டுபவனின் திறமே முன்னின்றது.

1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலே, பந்தயத்துக்கென்றே அமைக்கப்பெற்ற ஓட்டப் பாதை திறக்கப்பட்டது. பார்முலா மாருதி வண்டிகள் அங்கே ஓடின. இளைஞர் பலர்க்கு அவ்வண்டியே பள்ளிக்கூடமாயிற்று. அவர்களுள் ஒருவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். அவ்வண்டியிலே தம் பந்தய வாழ்க்கையைத் தொடங்கிய அவர், 2005-இல் உலகப் பெரும் பந்தயமாகிய பார்முலா ஒன்னில் பங்குபெற்ற முதல் இந்தியரானார்.

அப்பெருமையைக் காணக் கரிவரதன் உயிருடன் இல்லை. 1995-இல் நேர்ந்த வானூர்தி விபத்தொன்றில், நாற்பது வயதைச் சிறிதே கடந்த நிலையில், அவர் காலமானார். பந்தயப் பாதையிலே பல்லாண்டு வேகத்துடன் பழகியவரை வானம் கொண்டுபோயிற்று. எத்துணை எச்சரிக்கை உடையவர்க்கும் வேகம் முழு அபயம் அளிப்பதில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பெற்ற 2.1 கிலோமீட்டர் ஓட்டப் பாதைக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே சூட்டியுள்ளனர். பொருள் உள்ளவர் தமக்கென்று வண்டி வாங்கினால் அது அவருடன் முடிந்துபோகும்; பிறர் ஏறி ஓட வழி செய்தால் அது அவருக்குப் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்பொழுது நம் இராஜபாளையத்து அன்பருடைய வினாவுக்கு விடை கூறுவோம். திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை எல்லார்க்கும் உரியது. இரவிலே அதன் வழியே பஞ்சு ஏற்றிய லாரி வரும். ஆலையில் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளி வருவார். வைகறையிலே பால் கொண்டு செல்வோர் வருவர். பந்தயக்காரன் தன் உயிரைப் பணயம் வைப்பதாக எண்ணுகின்றான்; அவன் பணயம் வைப்பது அவர்களுடைய உயிரையும் சேர்த்தே. அரசாங்கத்தின் அனுமதியின்றிப் பொதுவிடத்தில் வண்டிப் பந்தயம் ஓடுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆகவே சாலைப் பந்தயத்தை இன்றே நிறுத்துதல் வேண்டும்; இதில் தாட்சணியம் கூடாது.

ஆனால் அம்மைந்தனுடைய ஆசையையே வேரோடு களைவது நம் கருத்தன்று. களைந்தால் அது மறைவிலே வளரும். தலைக்கவசம், இடுப்பு வார், வண்டிச் சோதனை, மருத்துவ உதவி ஆகிய அனைத்தும் உள்ள மூடிய பாதைகள் நம் மாகாணத்திலேயே இருக்கின்றன. பந்தயக் கழகங்களின் சம்மேளனம் வழங்கும் உரிமச் சீட்டைப் பெற்று, முறையான பயிற்சியுடன் அங்கே ஓடலாம். அன்பர் ஒருமுறை தம் மைந்தனை அத்தகைய பாதைக்குத் தாமே அழைத்துச் செல்வாராக. அங்கே கடிகாரம் வைத்து அளந்து பார்த்தால், சாலையில் தான் எழுப்பிய புகையும் ஓசையும் வேகமல்ல என்பதை அப்பிள்ளை தானே உணர்வான். கிளச்சின்மேல் உள்ள காலை அளவறிந்து விடக் கற்றவனுக்கு, வண்டியை எவ்விடத்தில் விடலாம், எவ்விடத்தில் விடலாகாது என்பதும் விளங்கும் என்று நம்புகின்றோம். நம் சங்கத்துச் செல்வர்கள் இத்தகைய வாலிபர் இரண்டொருவரது பயிற்சிக்குப் பொருளுதவி செய்வாராயின், அதுவே கரிவரதன் அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.