இராமாநுஜர் வேலை தேடிய வரலாறு

கணித சாஸ்திரத்தில் உலகப் புகழ் எய்திய ஸ்ரீநிவாஸ இராமாநுஜரின் பெயரை அறியாத மாணவர் நம் கலாசாலையில் ஒருவரும் இரார். ஆயினும் அவருடைய சரிதத்தைச் சொல்லப் புகுவோர் பலரும் கேம்பிரிட்ஜில் அவர் பெற்ற பெருமைகளையே விரித்துரைப்பர். அதற்கு முன்னே, பட்டமும் இன்றிப் பணமும் இன்றி, ஒரு குமாஸ்தா உத்தியோகத்தின் பொருட்டுச் சென்னை வீதிகளில் அவர் அலைந்த ஆண்டுகளை இரண்டொரு வரிகளிற் கடந்து செல்வர். யாம் அவ்வாண்டுகளையே ஈண்டு எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணமும் உண்டு. இவ்வாண்டு பட்டப் பரீட்சை எழுதி வெளியேற இருப்பவர் பலர் இப்பொழுதே விண்ணப்பங்கள் எழுதத் தொடங்கிவிட்டனர். சென்ற ஆண்டு வெளியேறிய அண்ணன்மாரிற் சிலர் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கின்றனர். அவர்கள் விடுதிக்கு வருங்கால் முன்போல் உரக்கச் சிரிப்பதில்லை. அவர்களை எண்ணியே இதனை எழுதலானோம்.

இராமாநுஜர் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22 ஆம் நாள் ஈரோட்டில், தாயைப் பெற்ற பாட்டியார் இல்லத்திற் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். தந்தையார் ஒரு ஜவுளிக் கடையிற் கணக்கெழுதி வந்தார். அன்னையார் கோமளத்தம்மாள் கோயிற் பஜனைகளிற் பாடுவார். டவுன் ஹைஸ்கூலிற் படித்த காலத்தில் கார் என்பார் தொகுத்த கணித நூல் ஒன்று பிள்ளையின் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் நிறைந்த அந்நூலில் நிரூபணங்கள் பெரும்பாலும் இல்லை. பிள்ளை தானே அவற்றைக் கண்டுபிடிக்க முயன்றான். அன்று பிடித்த கணிதப் பித்து பின் ஒருநாளும் நீங்கவில்லை.

1904 ஆம் ஆண்டில் பரிசும் பாராட்டும் பெற்றுப் பள்ளியை விட்டு, உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையிற் சேர்ந்தார். அங்கே ஆங்கிலம் முதலிய பாடங்களை ஏறெடுத்தும் பாராமையால் உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. மனம் நொந்து 1905 இல் வீட்டாருக்கு அறிவியாமல் விசாகப்பட்டினம் வரை சென்றுவிட்டார். 1906 இல் சென்னை பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தார். எப்.ஏ. பரீட்சையில் அவ்வாண்டும் தோல்வி. அடுத்த ஆண்டு மீண்டும் எழுதியும் தோல்வியே. இத்தோல்விகளை ஏதோ ஒரு மேதைக்குரிய அணிகலன்போற் சிலர் பேசக் கேட்டிருக்கிறோம். யாம் அதற்கு உடன்படோம். அவர் பின்னால் ஏறி இறங்கிய படிகளிற் பாதி, அந்த ஒரு பரீட்சையிற் தேறாமையால் வந்தவை. பிறர் எளிதிற் பெற்ற உத்தியோகங்களின் வாயில் அவருக்கு அடைபட்டிருந்ததும் அதனாலேயே. அவருடைய மேதைமை அத்தோல்வியால் உண்டானதன்று. அத்தோல்வியைத் தாங்கியும் அழியாமல் நின்றது.

1909 ஜூலை மாதத்தில் அவருக்கு விவாகம் நடந்தது. மணமகள் ஜானகி சிறு பெண். இல்லறத்தின் பாரம் தோளில் விழுந்த பின்னரே வேலை தேடும் எண்ணம் உறுதிப்பட்டது. அதற்குள் ஒரு நோய் வந்து, 1910 ஜனவரியில் ரண சிகிச்சை செய்ய நேர்ந்தது. பணம் கொடுக்க வகையில்லை. வைத்தியர் ஒருவர் இலவசமாகச் செய்து உதவினார். இக்காலத்தில் மீண்டும் உடல் நலங்குன்றியபோது, தாம் எழுதி வைத்திருந்த கணித நோட்டுப் புத்தகங்களை ஒரு நண்பரிடம் கொடுத்து, தாம் இறந்துவிட்டால் அவற்றைப் பச்சையப்பன் கலாசாலையிற் சிங்காரவேலு முதலியாரிடமாவது, சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் ராஸ் என்னும் ஆசிரியரிடமாவது சேர்ப்பிக்குமாறு சொன்னார். வேலையற்றவர், நோயாளி, கையில் ஒரு காசும் இல்லாதவர். அப்பொழுதும் அவர் கவலை அந்த நோட்டுப் புத்தகங்களைப் பற்றியதே. தம்மிடம் உள்ள பொருள் இன்னதென்று அவர் ஐயமற அறிந்திருந்தார் என்பதை இதனால் உணரலாம்.

அந்த நோட்டுப் புத்தகங்களே அவருக்குப் பட்டச் சான்றிதழாயின. உடல் தேறியதும் அவற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார். அக்காலத்தில் திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராக இருந்த வீ. இராமசாமி ஐயர் 1907 இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். அவரிடம் சென்று, ரெவினியூ இலாகாவில் ஒரு சிறு குமாஸ்தா வேலை தரும்படி வேண்டினார். ஐயர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இத்தகைய அறிவை ரெவினியூ ஆபீஸின் அடிப்படியில் வைத்து அழுத்திவிட அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே வேலை கொடாமல், சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

இவ்விடத்திற் சற்றே நிற்போம். பசியோடு வேலை கேட்டுச் சென்றவனிடம், உன் அறிவு இவ்வேலைக்கு மேற்பட்டது என்று சொல்லி ஒரு கடிதத்தை நீட்டினால், நம்மில் எத்தனை பேர் அதனை ஓர் உதவியாகக் கொள்வோம்? யாமாயின், நாகரிகமாக வெளியே அனுப்பிவிட்டார் என்றே எண்ணியிருப்போம். கடிதமும் பெட்டியின் அடியிற் கிடந்திருக்கும். இராமாநுஜர் அதனை எடுத்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினார்.

சென்னையில் ராஜதானிக் கலாசாலையில் ஆசிரியராயிருந்த பி. வீ. சேஷு ஐயர், கும்பகோணத்தில் அவருக்குப் பாடம் சொன்னவர். அவர் முயற்சியால் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் மாதம் 20 ரூபாய் சம்பளத்தில் ஒரு தற்காலிக வேலை சிறிது காலம் வாய்த்தது. பிள்ளைகளுக்குத் தனியே பாடம் சொல்லியும் பார்த்தார். ஆனால் அவர் சொல்லும் கணக்கு பரீட்சைக்குரிய எல்லையைக் கடந்து எங்கோ சென்றுவிடுமாதலால், அத்தொழில் நிலைக்கவில்லை. நண்பர்களின் அறைகளிலே தங்கி, அவர்கள் இட்டதை உண்டு காலங்கழித்தார்.

1910 டிசம்பர் மாதத்தில் நெல்லூர்க் கலெக்டராயிருந்த திவான் பகதூர் ஆர். இராமச்சந்திர ராவைக் காணும் வாய்ப்பு வந்தது. கலெக்டரும் கணிதத்தில் ஈடுபாடுடையவர். குள்ளமாய்ப் பருத்த உருவம், மழியாத முகம், அத்துணைத் தூய்மையில்லாத உடை, கிழிந்த நோட்டுப் புத்தகம். இவற்றோடு வந்து நின்றவரிடம் அவர் கண்ட ஒரே சிறப்புக் கண்ணின் ஒளி. முதற் சந்திப்பில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவன் மெய்யறிஞனோ, போலியோ என்ற ஐயமும் எழுந்தது. இராமாநுஜர் மனந்தளராது மீண்டும் மீண்டும் சென்றார். அப்போது அவர் ஒரு நல்ல உபாயத்தைக் கைக்கொண்டார். அரிய சூத்திரங்களை முதலில் எடுத்துக் காட்டாமல், தம் முடிவுகளில் எளியவற்றைக் காட்டினார். கலெக்டருக்கு அவை விளங்கின; அவை அச்சான நூல்களில் இல்லை என்பதும் விளங்கிற்று. பின்னரே படிப்படியாக மேலே அழைத்துச் சென்றார். கேட்போர் அறிந்த இடத்திலிருந்து தொடங்குதல் வேண்டும் என்பதை, இங்கிலீஷ் பாடத்திற் தேறாத அவர் யாரிடம் கற்றாரோ! முடிவில், உனக்கு வேண்டியது யாது என்று கலெக்டர் வினவினார். உணவுக் கவலையின்றி ஆராய்ச்சி செய்வதற்குப் போதுமான சிறு தொகையே வேண்டும் என்றார் இவர். அன்று முதல் மாதந்தோறும் 25 ரூபாய் வரலாயிற்று.

1911 ஆம் ஆண்டில், பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதற் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. பிழைப்புக்கு வழி கிடைத்தது, பெயரும் அச்சேறியது. வேறொருவராயின் அப்படியே இருந்துவிடுவர். ஆனால் உழையாது பிறர் பொருளை உண்டு நெடுநாள் வாழ அவர் மனம் இசையவில்லை. உபகாரச் சம்பளம் பெறச் செய்த முயற்சிகளும் பயனளிக்கவில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழிந்த பின் மீண்டும் வேலை தேடலானார். இச்செய்தியே எம்மை மிகவும் தொட்டது.

1912 பிப்ரவரி 9 ஆம் நாள், திருவல்லிக்கேணி ஸம்மர் ஹவுஸ் என்னும் இடத்திலிருந்து, சென்னைத் துறைமுக டிரஸ்டில் காலியாயிருந்த ஒரு குமாஸ்தா வேலைக்கு அவர் விண்ணப்பம் எழுதினார். அது மிகச் சிறிய கடிதம். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை படித்துச் சில இடையூறுகளால் மேற்கொண்டு படிக்க இயலாது போனதையும், இடைப்பட்ட காலம் முழுவதையும் கணிதத்திற் செலுத்தியதையும் கூறி, இவ்வேலையைச் செவ்வனே செய்யக்கூடும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்து முடித்துவிட்டார். தோல்வியை மறைக்கவும் இல்லை. அதனை விரித்துப் புலம்பவும் இல்லை. வறுமையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கணிதத்தில் அவருக்குள்ள அசாதாரண ஆற்றலைக் குறித்து ராஜதானிக் கலாசாலை ஆசிரியர் மிடில்மாஸ்ட் முந்திய ஆண்டே கொடுத்திருந்த நற்சாட்சிப் பத்திரத்தையும் உடன் வைத்திருந்தார். எம் நண்பர்கள் எழுதும் நான்கு பக்க விண்ணப்பங்களைக் கண்ட எமக்கு, அக்கடிதத்தின் சுருக்கமே வியப்பாயிருந்தது.

வேலை கிடைத்தது. 1912 மார்ச் முதல் தேதி, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவில் அமர்ந்தார். துறைமுக டிரஸ்டின் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியியல் அறிஞர். அவருக்கு அடுத்த நிலையிலிருந்த எஸ். நாராயண ஐயரோ கணிதக் கழகத்தின் பொருளாளர். இருவரும் அக்குமாஸ்தாவின் தரத்தை உணர்ந்தனர். மாலை வேளைகளில் நாராயண ஐயரும் இராமாநுஜரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்கிடுவர். காகிதத்துக்குப் பணம் ஏது? சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றுவது அவர் வழக்கம். இடைப்படிகளைத் தாவிச் செல்லும் அவரை, பிறருக்கு விளங்குமாறு அப்படிகளையும் எழுத வேண்டுமென்று நாராயண ஐயர் ஓயாது வற்புறுத்தி வந்தார். சிபார்சு செய்வோர் உலகிற் பலர் உளர். இவ்வாறு அருகிலிருந்து குறையை எடுத்துச் சொல்லும் நண்பர் அரியர்.

இவர்களுடைய ஊக்கத்தினால் கடல் கடந்து கடிதங்கள் போகத் தொடங்கின. பொறியியற் கலாசாலை ஆசிரியர் கிரிபித் என்பார் 1912 நவம்பரில், இலண்டனிலுள்ள ஹில் என்னும் கணிதப் பேராசிரியருக்கு எழுதினார். ஆற்றல் உண்டு, பயிற்சி போதாது என்னும் கருத்துப்பட விடை வந்தது. இன்ன நூலைப் படிக்க வேண்டும் என்ற அறிவுரையும் வந்தது. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்ஸன் என்னும் இரு பேராசிரியர்களுக்கும் விண்ணப்பம் போயிற்று. இருவரும் உதவவில்லை. 1913 ஜனவரி 16 ஆம் நாள், அதே கேம்பிரிட்ஜில் டிரினிடி கலாசாலையைச் சேர்ந்த ஹார்டி என்பவருக்கு இராமாநுஜர் எழுதினார். தாம் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா என்பதையும், சர்வகலாசாலைக் கல்வி பெறாதவர் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லி, பல பக்கங்களிற் சூத்திரங்களை இணைத்திருந்தார். வயதை மட்டும் சுமார் இருபத்து மூன்று என்று குறித்தார். உண்மையில் இருபத்தைந்து நிறைந்திருந்தது. வேலை தேடுவோரின் இவ்வழக்கம் பழமையானது போலும்!

ஹார்டியும் முதலில் ஐயுற்றார். பின்னர் லிட்டில்வுட் என்னும் நண்பரோடு கூடி ஆராய்ந்து, எழுதியவர் ஒரு பெரு மேதை எனத் தெளிந்து, பிப்ரவரி 8 ஆம் நாள் விடை வரைந்தார். அதற்கு இராமாநுஜர் எழுதிய மறுமொழி கவனிக்கத் தக்கது. அறிவைக் காத்துக்கொள்ள முதலில் உணவு வேண்டும் என்பதை அங்கேதான் மனந்திறந்து கூறினார். உடனே, தம் ஆராய்ச்சியைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதினால் இங்குள்ள சர்வகலாசாலையிலாவது அரசாங்கத்திலாவது உபகாரச் சம்பளம் பெற அது துணை செய்யும் என்றும் கேட்டுக்கொண்டார். நெஞ்சின் துயரைச் சொன்னவர், அத்துயர் தீரும் வழியையும் சேர்த்தே சொன்னார்.

அதே பிப்ரவரியில் வானிலை ஆராய்ச்சித் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்து நோட்டுப் புத்தகங்களைப் பார்வையிட்டுச் சர்வகலாசாலைக்கு எழுதினார். எம்.ஏ. பட்டம் பெறாதவருக்கு ஆராய்ச்சிச் சம்பளம் கொடுக்க விதியில்லை. எனினும் சிண்டிகேட்டார் அத்தடையை நீக்கினர். 1913 மே முதல் தேதியிலிருந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் கிடைத்தது. எப்.ஏ. தேறாதவர் அவ்வகையில் சென்னைச் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி மாணவரானார். துறைமுக டிரஸ்டாரும் அவரை வேலையினின்று நீக்காமல், சம்பளமில்லா விடுமுறை கொடுத்து அனுப்பினர்.

பின் நிகழ்ந்தவற்றை அனைவரும் அறிவர். 1918 இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகவும், டிரினிடி கலாசாலையின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டதும், நோயோடு 1919 இல் தாயகம் திரும்பி 1920 ஏப்ரல் 26 ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்ததும் வேறு நூல்களில் விரிவாக உள. யாம் அவர் கப்பலேறிய நாளோடு நிறுத்திக்கொள்கிறோம்.

புறப்படுவதற்குச் சில நாள் முன்னரே தாயையும் மனைவியையும் அவர் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். குடுமி களைந்து மேனாட்டு உடை தரித்த கோலத்தை அவர்கள் காண வேண்டாம் என்பது அவர் எண்ணம். பிரியும் நேரத்தில் நாராயண ஐயர் அவரிடம் ஒன்று கேட்டார். மாலைதோறும் கணக்கிட்ட தம் சிலேட்டை அவரிடம் கொடுத்து, அவருடைய சிலேட்டைத் தாம் வாங்கி வைத்துக்கொண்டார். 1914 மார்ச் 17 ஆம் நாள் நெவாஸா என்னும் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு, இரண்டாண்டுகளுக்கு முன் அவர் முப்பது ரூபாய்க்குக் கணக்கெழுத வந்து சேர்ந்த அதே துறைமுகத்திலிருந்து புறப்பட்டது.