ஸர் விவியன் மஜெண்டி

சிவகாசியைச் சூழ்ந்த கரிசற் காட்டில் பட்டாசுச் சாலைகளைக் காண்போர், அவை மற்றை ஆலைகளைப்போல ஒரே பெருங்கட்டடமாக அமையாமல், ஒன்றற்கொன்று விலகிய சிற்றறைகளாக வெட்டவெளியில் நிற்பதைக் கண்டிருப்பர். பணமுடை இதற்குக் காரணமன்று, சட்டமே காரணம். அச்சட்டத்தின் மூலத்தைத் தேடிச் சென்றால், இங்கிலாந்தில் ஒருகாலத்துப் பெரும்புகழ் பெற்று விளங்கிய ஒரு போர்வீரரிடம் போய்ச் சேருவோம். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

விவியன் டெரிங் மஜெண்டி 1836-ஆம் ஆண்டு பிறந்தார். பீரங்கிப்படையிற் சேர்ந்து கிரிமியாப் போரில் ஈடுபட்டார். 1857-இல் மூண்ட கிளர்ச்சியை அடக்க வந்த சேனையோடு நம் நாட்டிற்கும் வந்து, அதனைக் குறித்து ஒரு நூலும் எழுதினார். அவர் வாழ்வின் அப்பகுதியை நாம் உவந்து கூறுவதற்கில்லை. பின்னர் ஊல்விச் ஆயுதசாலையிற் பத்தாண்டு பணிபுரிந்து, வெடிமருந்தின் இயல்பை நன்கு கற்றார்.

1871-இல் அரசாங்கம் அவரை வெடிமருந்துச் சாலைகளின் பரிசோதகராக நியமித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலே ஸ்டோமார்க்கெட் என்னும் ஊரில் வெடிபஞ்சுச் சாலை ஒன்று வெடித்து, இருபதின் மேற்பட்டோர் மாண்டனர். 1874 அக்டோபரில், வெடிமருந்தையும் எளிதில் ஆவியாகும் எண்ணெயையும் ஒருங்கே ஏற்றிச் சென்ற படகொன்று லண்டன் கால்வாயில் வெடித்தது. நெருப்பையும் மருந்தையும் ஒரே படகில் வைப்பதைத் தடுக்க அக்காலத்துச் சட்டம் போதிய வலிமை பெற்றிருக்கவில்லை. வீடுகளில் மறைவாக வாணஞ் செய்வோரும் இருந்தனர்.

அடுத்த ஆண்டே, 1875-இல், வெடிபொருட் சட்டம் நிறைவேறிற்று. அதனை வகுத்ததில் மஜெண்டியின் பங்கே பெரிது. அதன் உட்கருத்தை நம் மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். வெடி விபத்தை முற்றிலும் ஒழித்தல் அரிது; ஆகவே அது நேர்ந்தபோது சேதம் ஓரறையோடு நிற்கவேண்டும். இதற்காகவே ஓரறையில் இருக்கத்தக்க மருந்தின் அளவும், ஆட்களின் தொகையும், அறைகளின் இடைத்தூரமும் வரையறுக்கப்பட்டன. பொறி பறக்கும் இரும்புக் கருவிகள் விலக்கப்பட்டன. பரிசோதகர் உள்ளே புகுந்து பார்க்கும் உரிமை பெற்றார். விபத்து நேர்ந்தால் விசாரணை நடந்தது. அதன் முடிவு மறைக்கப்படாமல் அச்சேறியது. ஒருவர் பிழையை மற்றையோர் அறிந்து திருந்த இதனினும் நல்ல வழி யாம் அறியோம்.

இம்முறையைத் தழுவி 1884-இல் இந்தியாவிலும் வெடிபொருட் சட்டம் பிறந்தது. இன்று சிவகாசியில் மருந்து அடைக்கும் அறையொன்றில் நால்வர்க்குமேல் இருத்தலாகாது என்பதும் இந்நெறியின் வழியதே. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் ஏறத்தாழ நாற்பதின்மர் மாண்டனர். அச்சாலையின் உரிமம் முந்திய நாளே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஆயினும் வேலை நிற்கவில்லை. தீங்கை முன்னுணர்ந்து தாளில் எழுதிவிட்ட அதிகாரம், கதவைப் பூட்டும்வரை சென்றிருப்பின் அவ்வுயிர்கள் தப்பியிருக்கும். மஜெண்டி தாமே சென்று பார்ப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தது இதனாற்போலும்.

லண்டன் புகைவண்டி நிலையங்களிற் சதிகாரர் வைத்த கடிகார வெடிகளை 1884-இல் ஆராய்ந்தவரும் அவரே. ஆனால் தொழிலாளர்க்கு அவர் செய்த நன்மைகளுள் நாம் மிகவும் போற்றுவது வேறொன்று. குளோரேட்டு உப்பும் கந்தகமும் கலந்தால், சிறிய உராய்வினாலும் தீப்பற்றும். ஈரம் பட்டுத் தானே பற்றுவதும் உண்டு. வாணங்களில் இக்கலவையை இங்கிலாந்து 1894-இல் தடை செய்தது. இந்தியாவில் 1992-ஆம் ஆண்டு அறிவிப்பும் அவ்வாறே தடுக்கிறது.

1895-இல் ஸர் பட்டம் பெற்ற அவர், பதவியிலிருந்தபடியே 1898 ஏப்ரலில் காலஞ்சென்றார். அவர் தொடங்கிய விபத்து அறிக்கைகள் அவருக்குப் பின்னும் ஆண்டுதோறும் வெளிவந்துகொண்டிருந்தன.