ஸ்ரீரங்கப்பட்டணம் போறீங்களா? திப்பு வீழ்ந்த இடத்தைப் பார்க்காம வராதீங்க!

லாங் வீக்கெண்டில் பெங்களூருவிலிருந்து மைசூரு போறவங்க, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோயில் தரிசனம், ஒரு செல்ஃபின்னு கிளம்பிடுவாங்க. ஆனா, இந்தக் காவிரித் தீவே ஒரு போர்க்களம்!

யார் இந்த திப்பு சுல்தான்?

தேவனஹள்ளியில் பிறந்தவர். 1780-ல் தந்தை ஹைதர் அலியுடன் சேர்ந்து, காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கம்பெனிப் படையைச் சிதறடித்தார். சிறைபிடிக்கப்பட்ட அதிகாரிகளில் ஒருவர் டேவிட் பேர்ட். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். அந்த வெற்றியின் ஓவியத்தை தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்பவும் பார்க்கலாம்.

மகன்களே பிணை

1782-ல் ஹைதர் இறந்ததும் திப்பு ஆட்சிக்கு வந்தார். குடகு, மலபார் படையெடுப்புகளுக்காக இன்றுவரை விமர்சிக்கப்படுகிறார். 1792 தோல்வியில் பாதி ராஜ்ஜியம் போனது. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வேறு. அதுக்கு ஈடா, தன் இரண்டு மகன்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். 1794-லதான் பிள்ளைகள் திரும்பினர்.

கடைசி நாள்

1799 மே 4, மதியம். பீரங்கியால் உடைந்த சுவர் வழியே கம்பெனிப் படை ஏறியது. தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? அதே டேவிட் பேர்ட்! திப்பு சரணடையவில்லை. சண்டையிட்டே இறந்தார். இரவில் விளக்கு வெளிச்சத்தில், சடலக் குவியலுக்கு நடுவேதான் அவர் உடல் கிடைத்தது.

குடும்பத்தை வேலூர் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1806-ல் சிப்பாய் புரட்சி வெடித்ததும் அங்கேதான்.

எங்கே பார்க்கலாம்?

உடல் கிடைத்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கு. பெற்றோருக்குப் பக்கத்தில் திப்பு உறங்குவது கும்பஸில். ரெண்டுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்க.