துப்பாக்கிக் கொல்லரின் 13-வது பிள்ளை

துப்பாக்கி என்றால் அதன் முன்னால் நிற்பவனுக்குத்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைப்பார்கள். சுடுகிறவனுக்கும் ஆபத்து உண்டு. தோட்டா சரியாகப் பொருந்தாவிட்டால், நெருப்பும் புகையும் பின்பக்கமாகச் சீறிவந்து சுடுகிறவன் முகத்தில் அடித்துவிடும்.

அந்த ஆபத்தைத் தடுப்பதற்கே ஆயுள் முழுவதும் பாடுபட்டார் ஒருவர். கடைசியில் அவரே ஒரு கண்ணைப் பறிகொடுத்தார்!

அவர்தான் ஜெர்மனியைச் சேர்ந்த பால் மவுசர். அவருடைய பெயர் வங்கத்துப் புரட்சி வீரர்களின் கதையிலும் வருகிறது. ஜிம் கார்பெட்டின் வேட்டைக் கதையிலும் வருகிறது.

ஏழைக் குடும்பம்

ஜெர்மனியின் தென்பகுதியில், நெக்கர் ஆற்றங்கரையில் ஓபர்ன்டார்ப் என்ற சிற்றூர் இருக்கிறது. பழைய கிறிஸ்தவ மடம் ஒன்றில், வூர்ட்டம்பர்க் மன்னரின் துப்பாக்கித் தொழிற்சாலை அங்கே நடந்து வந்தது. அதில் வேலை பார்த்த கொல்லர்களில் ஒருவர் பிரான்ஸ் ஆண்ட்ரியாஸ் மவுசர்.

அவருக்கு 13 பிள்ளைகள். கடைக்குட்டிதான் பால். 1838-ம் ஆண்டு ஜூன் 27-ந்தேதி பிறந்தார்.

கொல்லர் கூலியில் அத்தனை வாய்களுக்கும் சோறு போடுவது எளிதா? பிள்ளைகள் அரும்பு மீசை முளைக்கும் முன்பே பட்டறைக்குப் போனார்கள். பாலும் சிறு வயதிலேயே அரமும் கையுமாக நின்றார். அண்ணன் வில்கெல்ம் அவரைவிட நான்கு வயது மூத்தவர். இருவரும் இணைபிரியாதவர்கள். தம்பிக்கு இரும்பு வேலையில் மூளை. அண்ணனுக்கு நாலு பேரிடம் பேசிக் காரியம் முடிப்பதில் சாமர்த்தியம்.

1859-ல் பாலுக்குக் கட்டாயப் பட்டாளச் சேவை வந்தது. பீரங்கிப் படையில் சேர்த்துக்கொண்டு, லூட்விக்ஸ்பர்க் ஆயுதசாலைக்கு அனுப்பினார்கள். ஆயுதம் செய்யும் வீட்டுப் பிள்ளை அங்கேயும் ஆயுதங்களோடேயே பொழுதைக் கழித்தார். ஒரு துப்பாக்கியின் பின்பக்கத்தை எப்படி மூடுவது என்ற கேள்வி அவர் மனதைப் பிடித்துக்கொண்டது.

பின்பக்கத்துக்கு என்ன வந்தது?

பழைய காலத்துத் துப்பாக்கிக்குப் பின்பக்கத் தொல்லையே கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டிப்பார்கள். பின்பக்கம் அடைபட்டே இருக்கும்.

உத்திரமேரூருக்கு அருகே உள்ள வேடந்தாங்கலில், ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊர் மக்கள் பொறுக்கமாட்டாமல் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். அந்த ஏரிக்கரையில் அன்று வெடித்தவை எல்லாம் இப்படிக் கெட்டிக்கும் துப்பாக்கிகள்தான். ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து போடுவதற்குள் பறவைக் கூட்டம் பறந்து போய்விடும். பறவைக்கு நல்லது, பட்டாளத்துக்கு நல்லதல்ல.

அதனால் பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கி வந்தது. பிரஷ்யப் படையில் இருந்த ஊசித் துப்பாக்கி இந்த வகை. அதன் தோட்டா காகிதத்தால் ஆனது. சுட்டதும் காகிதம் எரிந்துபோகும். திறந்து மூடுகிற இடத்தின் சந்து வழியாகச் சூடான புகை பீறிட்டு முகத்தைச் சுடும். முகத்தருகே வைத்துக் குறிபார்க்கவே பலர் தயங்கினார்கள்.

மவுசர் பித்தளைத் தோட்டாவை நம்பினார். வெடித்த உடனே பித்தளைக் கூடு உப்பி, அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. புகை பின்னால் வர வழியில்லை. அடுத்த கணமே சிறிது சுருங்கிக்கொள்கிறது. இழுத்தால் வெளியே வந்துவிடும். பித்தளைக்கு இப்படி ஒரு நல்ல குணம்! ஆனால் கூட்டின் அடிப்பாகம் அசையாதபடி பின்னாலிருந்து ஒன்று தாங்கிப் பிடிக்க வேண்டும். அதற்குக் கதவுத் தாழ்ப்பாள் போல் முன்னே தள்ளித் திருப்பிப் பூட்டும் உருளை ஒன்றை அவர் செய்தார். தாழை இயக்கும்போதே சுடும் ஊசியும் தானாக விறைத்துக்கொள்ளும்.

அலைச்சல்

நல்ல பொருள் இருந்தது. வாங்க ஆள் இல்லை. வூர்ட்டம்பர்க் சர்க்கார் கைவிரித்தது. சாமுவேல் நாரிஸ் என்ற அமெரிக்கர் ஒருவர் துப்பாக்கியைப் பார்த்தார், பிரமித்தார். ரெமிங்டன் கம்பெனியின் பிரதிநிதி அவர். 1867-ல் ஒப்பந்தம் போட்டு, சகோதரர்களைப் பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் நகருக்கு அழைத்துப்போனார். 1868-ல் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பதிவாயிற்று. அதில் மவுசர் சகோதரர்களின் பெயரோடு நாரிஸ் பெயரும் ஏறியது. பிறகு நாரிஸ் பணம் தரவில்லை. சகோதரர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள்.

ஆனால் துப்பாக்கி பிரஷ்ய அதிகாரிகளின் கண்ணில் பட்டுவிட்டது. சோதனைக்கு மேல் சோதனை நடந்தது. 1871-ல் ஜெர்மன் சாம்ராஜ்யத்தின் படைத் துப்பாக்கியாக மவுசர் துப்பாக்கி ஏற்கப்பட்டது!

பின்னர், தகப்பனார் கூலி வேலை பார்த்த அதே தொழிற்சாலையை மகன்கள் விலைக்கு வாங்கினார்கள்.

1882 ஜனவரியில் வில்கெல்ம் காலமானார். ஊர் ஊராக அலைந்து கொடுக்கல் வாங்கல் பேசி உடம்பைக் கெடுத்துக்கொண்டவர் அவர். வயது 47. அண்ணன் இல்லாமல் கம்பெனி நடக்குமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 1887-ல் துருக்கி சர்க்கார் 5 லட்சம் துப்பாக்கிகளும், 50 ஆயிரம் சிறு துப்பாக்கிகளும் கேட்டு எழுதியது. சந்தேகம் தீர்ந்தது.

தோட்டாவுக்கும் தோள் உண்டு

அந்தச் சமயத்தில் புகையில்லாத மருந்து வந்தது. கருமருந்தைவிட அதற்குச் சக்தி அதிகம். தோட்டா அறைக்குள் ஒரு சதுர அங்குலத்துக்கு 20 டன் அளவுக்கு அழுத்தம் ஏறும். பழைய கூடு தாங்காது.

புதிய தோட்டா புட்டி போல் இருந்தது. அடிப்பாகம் அகலம், கழுத்து குறுகல். அகலம் குறுகலாக மாறும் சரிவுக்குத் தோள் என்று பெயர். போலீசார் நெடுங்காலம் வைத்திருந்த 303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு இருக்கும். அது அறையின் வாயில் தட்டி நிற்கும். மவுசர் தோட்டாவுக்கு வெளியே துருத்தும் விளிம்பு கிடையாது. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் சிக்காது. அப்படியானால் அறைக்குள் எதில் தட்டி நிற்கும்? தோளில்தான்!

இந்த யோசனை மவுசருக்கு மட்டும் தோன்றியது அல்ல. உலகம் முழுவதும் பரவச் செய்தவர் அவர். 1890-களின் தொடக்கத்தில் அவர் கொண்டுவந்த 7 மில்லிமீட்டர் தோட்டாவை ஸ்பெயின் வாங்கியது. தென்னாப்பிரிக்காவின் போயர்கள் அதை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் படையைத் திணற அடித்தார்கள்.

தோளில் நிற்கும் தோட்டாவுக்கு அளவுதான் உயிர். அறையைவிடத் தோட்டா துளி நீண்டால் தாழ் பூட்டாது. துளி குட்டையானால் முன்னால் வெற்றிடம் விழும். அப்போது ஊசி குத்தினால் தோட்டா முன்னே நகர்ந்துவிடும். சில வேளை வெடிக்காது. வெடித்தாலோ இன்னும் மோசம். முன்பகுதி சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அடிப்பகுதி பின்னே தள்ளப்படும். இடையில் அகப்பட்ட பித்தளை நீளும். ஒரு தடவை தாங்கும், இரண்டு தடவை தாங்கும். பிறகு அடியருகே வட்டமாகப் பிளந்துபோகும். 20 டன் புகை அந்தப் பிளவு வழியே வரும்.

வீட்டில் தோட்டா செய்கிறவர்கள்

இதை இன்று நன்றாக அறிந்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். சுட்ட கூட்டை எறியாமல், வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்பிக்கொள்வது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம்.

சுட்ட கூடு உப்பியிருக்கும் அல்லவா? அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர எஃகு அச்சு ஒன்று உண்டு. முறுக்கு அச்சில் மாவை அழுத்துவதுபோல், எண்ணெய் தடவிய கூட்டை அச்சுக்குள் அழுத்துவார்கள். எண்ணெய் தடவ மறந்தால் கூடு உள்ளே இறுகிக்கொள்ளும். பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அச்சில் மரை இருக்கிறது. திருகத் திருகக் கீழே இறங்கும். எவ்வளவு இறக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முட்டும் வரை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று அவசரக்காரர்கள் நினைப்பார்கள். அப்படி இறக்கினால் சில துப்பாக்கிகளுக்குத் தோள் அளவுக்கு மீறிப் பின்தள்ளப்பட்டு, மேலே சொன்ன வெற்றிடம் வந்து சேரும். கூட்டைக் கெடுத்தவர் வேறு யாரும் இல்லை, அவரேதான்.

விவரம் தெரிந்தவர் முதலில் அச்சை உயர்த்தியே வைப்பார். மெழுகுவத்திச் சுடரில் கூட்டின் கழுத்தையும் தோளையும் காட்டிக் கரி ஏற்றுவார். அழுத்தி எடுத்தால், அச்சு எதுவரை தொட்டது என்று கரியில் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக, அரைக்கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி இறக்குவார். ஒவ்வொரு தடவையும் கூட்டைத் துடைத்துவிட்டு, துப்பாக்கியில் போட்டுத் தாழைத் திருப்பிப் பார்ப்பார். முதலில் இறுக்கும். ஒரு கட்டத்தில் லேசாகப் பூட்டிக்கொள்ளும். அங்கே அச்சை நிறுத்திப் பூட்டு மரையை முடுக்கிவிடுவார். தோள் பின்னே போக வேண்டிய தூரம், ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒன்றோ இரண்டோ பங்கு! தலைமயிரின் கனம்கூட இல்லை.

பலமுறை சுட்ட கூடாக இருந்தால், முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அடிப்பக்கம் தடவிப் பார்ப்பார். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூடு குப்பைக்குப் போகும்.

மூன்றாவது காது

எல்லோரும் இத்தனை கவனமாக இருப்பார்களா? இருக்கமாட்டார்கள் என்று மவுசருக்குத் தெரியும். தொழிற்சாலைத் தோட்டாவிலும் நூற்றில் ஆயிரத்தில் ஒன்று பிளக்கும். ஆகவே, கூடு பிளந்தாலும் சுடுகிறவனுக்குக் கேடு வராதபடி துப்பாக்கியைச் செய்ய முனைந்தார்.

1898-ல் ஜெர்மன் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கியில் அது நிறைவேறியது. தாழின் முன்பக்கம் பூட்டிக்கொள்ளும் காதுகள் இரண்டு. அவை போதாதென்று பின்னால் மூன்றாவதாக ஒரு காது வைத்தார். முன்காதுகள் உடைந்தாலும் அது தாழைத் தாங்கும். தாழில் ஓட்டைகள் போட்டார். பின்னே வரும் புகை அவற்றின் வழியாக முகத்தை விட்டு விலகிப் போகும். தாழின் வாலில் சற்று அகலமான தடுப்பு ஒன்றும் அமைத்தார். அது கண்ணுக்குக் கேடயம்.

இந்த அமைப்பு உலகத்தையே பிடித்துக்கொண்டது. அமெரிக்க அரசாங்கம் தன் 1903-ம் வருடத் துப்பாக்கியில் மவுசர் முறைகளைக் கையாண்டது. அதற்காக 2 லட்சம் டாலர் வரை மவுசர் கம்பெனிக்குக் கொடுக்க நேர்ந்தது.

கண் போனது

அத்துடன் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1898-ல் ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆனாலும் பட்டறையை விடவில்லை. கையால் தாழை இழுக்காமல், தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி செய்ய ஆசைப்பட்டார்.

1901-ல் அப்படி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வேறு ஆளைச் சுடச் சொல்லியிருக்கலாம். தாமே எடுத்துச் சுட்டார். துப்பாக்கியின் பின்பகுதியில் வெடிப்பு ஏற்பட்டது. இடது கண் போய்விட்டது.

மற்றவர் கண்ணுக்குக் கேடயம் வைத்தவருக்கு இந்தக் கதி! ஆயினும் அவர் அந்த முயற்சியைக் கைவிடவில்லை. ஒற்றைக் கண்ணோடு மேலும் பல வருடங்கள் தானியங்கித் துப்பாக்கிகளைச் செய்து பார்த்தார். அவற்றில் அவர் நினைத்த வெற்றி கிட்டவில்லை என்பதே உண்மை.

1914 மே 29-ந்தேதி ஓபர்ன்டார்பிலேயே காலமானார். இரண்டு மாதத்தில் முதல் உலகப்போர் மூண்டது. அவர் பெயர் தாங்கிய லட்சக்கணக்கான துப்பாக்கிகள் ஐரோப்பாவில் பிணங்களைக் குவித்தன. சுடுகிறவனைக் காப்பாற்றிய கருவி, எதிரே நின்றவனைக் காப்பாற்றவில்லை.

இந்தியாவில் மவுசர்

அதே ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி, கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46 ஆயிரம் தோட்டாக்களும் மாயமாய் மறைந்தன. புரட்சி வீரர்கள் அவற்றை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்! 1915 செப்டம்பரில் ஒரிசாவின் பாலசோர் அருகே பாகா ஜதீனும் நான்கு தோழர்களும் போலீஸ் படையை எதிர்த்து நின்றபோது, அவர்கள் கையில் இருந்தவை மவுசர் கைத்துப்பாக்கிகளே. படுகாயம் அடைந்த ஜதீன் மறுநாள் உயிர் நீத்தார்.

ஜிம் கார்பெட் 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றார். அதற்குப் பரிசாக லண்டன் ரிக்பி கம்பெனித் துப்பாக்கி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதன் தாழும் பூட்டும் மவுசருடையவை. தோட்டாவும் மவுசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாதான். ஆங்கிலேயர் அதற்கு 275 என்று வேறு பெயர் சூட்டியிருந்தார்கள். 1926 மே மாதம், 125 பேரைத் தின்ற ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை அந்தத் துப்பாக்கிக்கு இரையாயிற்று.

அமெரிக்கக் கடைகளில் இன்றும் அந்தத் தோட்டாவுக்கு எஃகு அச்சு கிடைக்கிறது. 7×57 மவுசர் என்று அதில் பொறித்திருக்கும். 7 என்பது குழலின் துளை. 57 என்பது பித்தளைக் கூட்டின் நீளம். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு.