சொற்களுக்கு முகவரி தந்த முனிவர்

வளர்ந்ததும் என்ன ஆவீர்கள் என்று கேட்டால், கணிப்பொறியில் தரவுத்தளம் அமைக்கும் வல்லுநராவோம் என்கிறீர்கள் உங்களில் சிலர். மருத்துவமனை, வங்கி, ரயில்வே ஆகியவற்றின் இலட்சக்கணக்கான விவரங்களை, தேடியவுடன் கிடைக்கும்படி ஒழுங்குபடுத்தி வைப்பதே அவர்கள் பணி. அப்பணிக்கு வேண்டிய அறிவை, கணிப்பொறி தோன்றுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே காட்டியவர் வீரமாமுனிவர்.

புனித ஞானப்பிரகாசியார் பிறந்த இத்தாலியக் காஸ்திலியோனே ஊரில் 1680இல் பிறந்தார் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபைக் குருவானவர், 1711இல் தமிழகம் வந்தார். நம் சமயபுரத்துக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் பல ஆண்டுகள் பணியாற்றினார். தமிழை ஐயந்திரிபறக் கற்று, தேம்பாவணி என்னும் காப்பியமும் பாடினார்.

அந்நாளில் சொற்பொருள் அறிய உதவியவை திவாகரம், பிங்கலம் போன்ற நிகண்டுகள். அவை அரிய செல்வங்களே. ஆனால் செய்யுள் வடிவிலிருந்தன. மனப்பாடம் செய்தவருக்கே அவை எளிதில் பயன்பட்டன. புதிதாகத் தமிழ் கற்ற முனிவர் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தார். 1732இல் சதுரகராதியை இயற்றினார்.

சதுர் என்றால் நான்கு. கரி என்ற சொல்லுக்கு யானை, சாட்சி எனப் பல பொருள்கள் உண்டு. இவற்றைத் தருவது பெயரகராதி. யானைக்குரிய பல பெயர்களை ஓரிடத்தில் காட்டுவது பொருளகராதி. முத்தமிழ் போன்ற தொகைச் சொற்களை விரிப்பது தொகையகராதி. செய்யுள் இயற்றுவோருக்கு எதுகைச் சொற்களைத் தருவது தொடையகராதி. சொற்செல்வம் ஒன்றே, அதை அடையும் வழிகள் நான்கு!

ஓலையில் புள்ளியிடாது எழுதியதால் எரியும் ஏரியும் ஒன்றுபோலத் தோன்றிய குழப்பத்தை நீக்க, நெடில் எழுத்துகளுக்கு வேற்றுமை காட்டியவரும் அவரே என்பர். இரு விவரங்கள் ஒன்றோடொன்று மயங்கக் கூடாது என்பது தரவுத்தள வல்லுநருக்கும் முதற்பாடம் அல்லவா?

1970இல் எட்கர் காட் என்னும் அறிஞர், விவரங்களை அட்டவணைகளாக அமைக்கும் முறையை வகுத்தார். இன்றைய தரவுத்தளங்கள் பலவும் அம்முறையைத் தழுவியவை. கருவிகள் மாறின; வேண்டிய குணங்கள் மாறவில்லை. பொறுமை, பிழையின்மை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தேடி வருபவர் யார், எப்படித் தேடுவார் என்று எண்ணிப் பார்க்கும் அன்பு. தமக்குத் தெரிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், எழுத்தறிந்த எவரும் தாமே கண்டடைய வழி செய்தார் முனிவர். நாளை கணிப்பொறி முன் அமரும் மாணவியே, அவரை நினைத்துக்கொள்!