திக்கிய நாக்கு நாட்டை எழுப்பியது!

பேச்சாளர்களுக்கெல்லாம் முன்னோடி என்று போற்றப்படுகிறவர் டெமாஸ்தனிஸ். ஆனால் இளமையில் அவருக்குச் சரியாகப் பேசவே வராது!

கிரேக்க நாட்டில், ஏதென்ஸ் நகரில், கி.மு. 384-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை பெரும் செல்வர். வாள் பட்டறையும், கட்டில் பட்டறையும் அவருக்குச் சொந்தம்.

டெமாஸ்தனிசுக்கு 7 வயதாகும்போது தந்தை இறந்துவிட்டார். சொத்தையும் பிள்ளையையும் 3 பேரின் பொறுப்பில் விட்டுச் சென்றார். அவர்களில் இருவர் நெருங்கிய உறவினர்.

வேலியே பயிரை மேய்ந்தது. வயது வந்ததும் டெமாஸ்தனிஸ் கணக்குக் கேட்டார். பெரும் சொத்தில் மிஞ்சியது ஒரு வீடு, 14 அடிமைகள், கொஞ்சம் வெள்ளி. அவ்வளவுதான்!

வழக்கு

அவர் வழக்குத் தொடர்ந்தார். ஏதென்சில் வழக்காடுகிறவர் தாமே எழுந்து பேச வேண்டும். 20 வயது இளைஞர் தம் பேச்சைத் தாமே எழுதிப் பேசினார். வெற்றியும் பெற்றார். ஆனால் இழந்த பணம் முழுவதும் திரும்பவில்லை. பிறருடைய வழக்குகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார்.

ஏதென்சில் அப்போது மக்களாட்சி நடந்தது. குடிமக்கள் ஒரு குன்றின் மேல் கூடி, போரா சமாதானமா என்பதைக்கூடக் கை தூக்கி முடிவு செய்வார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமில்லை.

அந்தக் கூட்டத்தில் டெமாஸ்தனிஸ் பேச எழுந்தார். நாக்குத் திக்கியது. மூச்சு வாங்கியது. குரல் எட்டவில்லை. கூட்டம் கேலி செய்து சிரித்தது.

கூழாங்கல்

அவர் மனம் தளரவில்லை. வாயில் கூழாங்கற்களை அடக்கிக்கொண்டு பேசிப் பழகினார். மேட்டில் ஓடிக்கொண்டே பேசினார். கண்ணாடி முன் நின்று கை அசைவைத் திருத்திக்கொண்டார்.

நிலவறை ஒன்றில் மாதக்கணக்கில் தங்கிப் பயிற்சி செய்தார். வெளியே போகும் ஆசை வரக்கூடாது என்று தலையில் ஒரு பாதியை மழித்துக்கொண்டாராம்! இவற்றைப் புளூடார்க் என்ற ஆசிரியர் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

பிலிப் மன்னன்

அப்போது வடக்கே மாசிடோனியாவை ஆண்ட பிலிப் மன்னன், கிரேக்க நகரங்களை ஒவ்வொன்றாக விழுங்கி வந்தான். மகா அலெக்சாண்டரின் தந்தை இவன்தான்.

கி.மு. 351-ல் டெமாஸ்தனிஸ் பிலிப்பை எதிர்த்து முழங்கத் தொடங்கினார். ஆபத்து வாசலுக்கு வருமுன் விழித்துக்கொள்ளும்படி மக்களை வேண்டினார்.

மக்கள் நாடகம் பார்க்க அரசு பணம் கொடுத்து வந்தது. அந்தப் பணத்தைப் படைக்குச் செலவிட வேண்டும் என்பது அவர் கருத்து. மக்களுக்கு அது கசந்தது. கி.மு. 339-ல்தான் அதற்கு இணங்கினார்கள். அதற்குள் பிலிப் நெருங்கிவிட்டான்.

மறு ஆண்டு கெரோனியா என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. ஏதென்சும் தீப்சும் சேர்ந்து நின்றும் தோற்றன. ஏதென்ஸ் வீரர் 1,000 பேர் மாண்டனர். சாதாரணப் போர்வீரராக நின்ற டெமாஸ்தனிசும் களத்தை விட்டு ஓட நேர்ந்தது.

போர் வேண்டும் என்றவர் அவர். போரில் ஓடியவரும் அவர். ஆனாலும் மக்கள் அவரை வெறுக்கவில்லை. மாண்ட வீரர்களுக்கு அஞ்சலி உரை நிகழ்த்த அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

அவருக்குப் பொன்முடி அளிக்க வேண்டும் என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். எதிரியான ஈஸ்கினீஸ் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். கி.மு. 330-ல் டெமாஸ்தனிஸ் பதில் சொன்னார். தோற்போம் என்று தெரிந்திருந்தாலும் ஏதென்ஸ் எதிர்த்து நின்றதே சரி என்று வாதாடினார். ஈஸ்கினீசுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்குக்கூடக் கிடைக்கவில்லை. அவர் ஊரை விட்டே போய்விட்டார்.

களங்கம்

புகழோடு பழியும் வந்தது. அலெக்சாண்டரின் பொக்கிஷ அதிகாரி ஒருவன் பணத்தோடு ஏதென்சுக்கு ஓடி வந்தான். அந்தப் பணத்தில் லஞ்சம் வாங்கியதாக டெமாஸ்தனிசுக்குப் பெரும் அபராதம் விதிக்கப்பட்டது. கட்ட முடியவில்லை. சிறை சென்றார். தப்பி வெளியூரில் வாழ்ந்தார்.

கி.மு. 323-ல் அலெக்சாண்டர் இறந்தான். ஏதென்ஸ் மீண்டும் போர்க்கொடி தூக்கியது. டெமாஸ்தனிசைச் சிறப்போடு வரவேற்றது. ஆனால் மறு ஆண்டே ஏதென்ஸ் தோற்றது. வெற்றி பெற்றவர்களுக்கு அஞ்சி, வரவேற்ற மக்களே அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள்!

அவர் ஒரு சிறு தீவுக்கு ஓடி, கடல் தெய்வத்தின் கோயிலில் அடைக்கலம் புகுந்தார். வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கடிதம் எழுதுவதுபோல் எழுதுகோலை வாயில் வைத்துக் கடித்தார். அதில் நஞ்சு இருந்தது. கி.மு. 322-ல், 62-ஆம் வயதில் அவர் வாழ்வு முடிந்தது.

சுமார் 40 ஆண்டுகளுக்குப் பின் ஏதென்ஸ் நகரம் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தது. பின்னர் ரோமாபுரியின் சிசரோ, தம் எதிரியைத் தாக்கிய பேச்சுகளுக்கு டெமாஸ்தனிசின் உரைகளை நினைத்தே பெயர் வைத்தார்.

டெமாஸ்தனிசால் பிலிப்பின் படையைத் தடுக்க முடியவில்லை. ஆனால் கேலிக்கு ஆளான அந்தக் குரல், ஒரு நகரத்தைத் தலைநிமிர்ந்து நிற்க வைத்தது. பிலிப்பின் பேரரசு மறைந்துவிட்டது. டெமாஸ்தனிசின் பேச்சுகளை உலகம் இன்றும் படிக்கிறது.