பதினோரு வயதில் கல்லூரி புகுந்தவர்

நம் காலனிப் பிள்ளைகள் பரிசு பெறும் இவ்விழா மலரில், மிக இளம் வயதிலேயே கல்லூரி வாயிலை மிதித்த ஒருவரைப் பற்றி எழுத விழைந்தோம். அவர் சர் சி. வி. இராமன்.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் விரிவுரையாளரானமையால், இராமனும் நம் பிள்ளைகளைப் போன்றே அயல்மொழி வழங்கும் ஊரில் வளர்ந்தார். பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறி எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். (அத்தேர்வில் நாம் பதினாறு வயதில் தட்டுத்தடுமாறிக் கரையேறிய கதை இங்கு வேண்டா.)

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் அமர்ந்திருந்த மெலிந்த சிறுவரைக் கண்ட பேராசிரியர் எலியட், இவர் இவ்வகுப்பினர்தாமா என ஐயுற்று வினவினாராம். 1904இல் அச்சிறுவரே முதல்வராகத் தேறிப் பௌதிகத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். எம்.ஏ. படிக்கையில் பேராசிரியர் ஜோன்ஸ் அவரைக் கட்டுப்படுத்தாது ஆய்வுக்கூடத்தில் விருப்பம்போல் உழைக்க விட்டார். அதன் பயனாக, ஒளி பற்றிய அவரது முதற் கட்டுரை 1906இல், பதினெட்டாம் வயதில், இலண்டன் விஞ்ஞான இதழில் வெளியாயிற்று.

மேற்படிப்புக்குச் சீமை செல்ல எண்ணியபோது, உடல் தாங்காது என மருத்துவர் தடுத்துவிட்டார். நிதித் துறைத் தேர்வெழுதி, 1907இல் மனைவி லோகசுந்தரி அம்மையாருடன் கல்கத்தாவுக்குக் கணக்கு அதிகாரியாகச் சென்றார். வயதைச் சொல்லி வியப்பவர் பலர். நாமோ இதன்பின் வந்த பத்தாண்டுகளையே வியக்கிறோம். நாள் முழுதும் கோப்புகளோடு மல்லாடி மாலையில் வீடு திரும்பினால் செய்தித்தாளைப் பிரிக்கவும் கை எழாது என்பதை இரயில்வே குமாஸ்தாவாகிய நாம் நன்கறிவோம்.

ஒருநாள் டிராமில் செல்கையில், பௌபஜார் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணிற்பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய அச்சங்கத்தில் கருவிகள் இருந்தன, கையாள்வோர் அரியர். அன்று முதல் விடியலில் அங்கே, பின்பு அலுவலகம், மாலை முதல் இரவு வரை மீண்டும் அங்கே. ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலான காலத்தில் வீட்டிலேயே ஆய்வு நடத்தினார்.

1917இல் அரசுப் பதவியைத் துறந்து, மிகக் குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். சுற்றத்தார் எத்தனை பேர் தலையில் கைவைத்திருப்பரோ!

1928 பிப்ரவரி 28 அன்று, கே. எஸ். கிருஷ்ணன் துணையுடன் அவர் இராமன் விளைவைக் கண்டறிந்ததும், 1930இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்ததும் யாவரும் அறிந்தவை. அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடம், முன்பு டிராமிலிருந்து கண்ட அதே பௌபஜார் தெருக் கட்டடமே.